விட்டுப்போன விளையாட்டுக்காரர்கள்: ஒரு சிவப்புப் பெட்டியின் வரலாறு

1/
வழக்கமாக இந்தப் பக்கத்தில் சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று எழுதுவேன். நடுவில் கொஞ்சம் வரலாறும் வரும். இன்னைக்கு வரலாறுதான். ஒரு விளையாட்டின் வரலாறு. இழை நீளம், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்திருப்பீங்க. முதல் எபிசோடின் ஆரம்பத்திலேயே நான்கு சிறுவர்கள் வீட்டின் அடித்தளத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். கதை நடக்கும் ஆண்டு 1983. அவர்கள் ஆடும் விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமாக டி அண்ட் டி.

3/
தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதை நடத்துவார். அவர் பெயர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன். "குகை வாசல்ல நிக்கறே, உள்ளே ஏதோ உறுமுது, என்ன பண்றே?" என்று அவர் கேட்பார். நீங்கள் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். தாயத்தில் காயை நகர்த்துவோம். இதில் காயே நாம்தான். ஒரே கதை வாராவாரம், வருஷக்கணக்கில் ஓடும்.

4/
இந்த வகை விளையாட்டுக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். விற்பது பெரும்பாலும் விதிப் புத்தகங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களை 50 வருஷமாக ஒரு கேள்வி துரத்துகிறது. ஒரு காலத்தில் நம் புத்தகத்தை வாங்கி ஆசையாக ஆடியவர், பிறகு நிறுத்திவிட்டார். அவரை மறந்துவிட்டுப் புது ஆளைத் தேடுவதா? திரும்பக் கூப்பிடுவதா?

5/
ஒரு டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்பீங்க. காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தியவரை எங்கள் பதிவேடுகளில் 'டிஃபால்ட்டர்' என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. கடன் கட்டாதவரைச் சொல்வோமே, அதே சொல். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'தொடர் கண்காணிப்பில் இருந்து விடுபட்டவர்' என்று பொருள்படும் சொல்லைக் கொண்டுவந்தது. சொல் மாறியதும் கேள்வியும் மாறிவிட்டது. "இவர் ஏன் வரல?" என்று கேட்ட இடத்தில் "இவரை நாம எங்க விட்டோம்?" என்று கேட்கத் தொடங்கினோம்.

6/
விளையாட்டு நிறுவனங்கள் அந்த இரண்டாவது கேள்விக்கு வந்து சேர ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது. அந்தக் கதைதான் இந்த இழை.

7/
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சிறிய ஊர். 1973 அக்டோபரில் கேரி கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பின்னாளில் அதன் பெயர் டிஎஸ்ஆர். 1974 ஜனவரியில் முதல் டி அண்ட் டி வெளிவந்தது. கைகாக்ஸும் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், அச்சடித்தது 1,000 பிரதிகள். அப்போது கைகாக்ஸுக்கு வயது 35. இந்த 35-ஐ மனசுல வச்சுக்குங்க, பின்னால் வரும்.

8/
அந்த மூன்று புத்தகங்கள் புதியவருக்குப் புரியவே புரியாது. ஏற்கனவே போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்காக எழுதியவை அவை. "இதை நான் புரியும்படி எழுதித் தருகிறேன்" என்று ஒருவர் தானாக முன்வந்தார். பெயர் ஜான் எரிக் ஹோம்ஸ். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியர். ஆமாங்க, எங்க ஆளு! 1977-ல் வந்த முதல் 'பேசிக் செட்' அவர் கைவண்ணம்.

9/
1983-ல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய பேசிக் செட் வந்தது. சிவப்புப் பெட்டி. மேலே லாரி எல்மோர் வரைந்த படம்: பாயும் சிவப்பு டிராகன், எதிரே வாளோடு ஒரு வீரன். பெட்டியைத் திறந்த பிள்ளை தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டே முதல் சாகசத்தை ஆடிவிடலாம். அப்படி எழுதியிருந்தார். பல மொழிகளில் போனது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே 'டி அண்ட் டி' என்றால் இந்தப் பெட்டிதான்.

10/
அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கல்லூரி, வேலை, வேறு ஊர், கல்யாணம், குழந்தை. விளையாட்டு நின்றுபோனது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். கேரம் ஆட இரண்டு பேர் போதும், அரை மணி நேரம் போதும். இதற்கு நாலைந்து பேர், ஒரே நாள், மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். அதில் கதை நடத்துபவர் மட்டும் ஊர் மாறிப் போனாலே மற்ற நான்கு பேருக்கும் விளையாட்டு போச்சு. ஒரு ஆள் போனால் ஒரு மேசையே கலைந்துவிடும்.

11/
அதனால் இந்த விளையாட்டை விட்டவர்களில் பலர் பிடிக்காமல் விட்டவர்கள் அல்ல. ஓபியில் இதைத் தினமும் பார்க்கிறோம். மாத்திரையை நிறுத்தியவரிடம் கோபப்படாமல் கேட்டால், "ஒரு நாள் வந்தா அன்னைக்குக் கூலி போயிடுது சார்" என்பார். மருந்தின் மேல் அவருக்கு எந்த வருத்தமும் இருக்காது.

12/
இன்னொரு விசித்திரம். இந்தப் பொருள் தேயாது. 1983-ல் வாங்கிய புத்தகத்தை வைத்து இன்றைக்கு ராத்திரியும் ஆடலாம். பேட்டரி வேண்டாம், சர்வர் வேண்டாம். அப்படியென்றால் பதிப்பகத்துக்குப் பெரிய போட்டி யார்? தானே விற்ற பழைய புத்தகம்தான்.

அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு கொண்டுவருவார்கள். விதிகள் மாறும். அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்கள் புதியதோடு ஒட்டாது. புதுப் பதிப்பு வரும்போது ஒரு வாசல் வழியே புது ஆட்கள் உள்ளே வருவார்கள், இன்னொரு வாசல் வழியே பழைய ஆட்கள் வெளியே போவார்கள். உள்ளே வந்தவர்களை எண்ணினார்கள். வெளியே போனவர்களை எண்ண ஆளில்லை.

13/
1989-ல் இரண்டாம் பதிப்பு. அடுத்த சில ஆண்டுகளில் டிஎஸ்ஆர் உலகம் உலகமாக வெளியிட்டது: ரேவன்லாஃப்ட், டார்க் சன், அல்-காதிம், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனிப் புத்தக வரிசை. டார்க் சன் ஆடுபவர் பிளேன்ஸ்கேப் வாங்கமாட்டார். இருக்கிற வாடிக்கையாளர்களையே துண்டு துண்டாகப் பிரித்ததுதான் மிச்சம்.

புத்தகக் கடைகளில் இருந்து விற்காத சரக்கு திரும்பி வந்தது. கடன் ஏறியது. 1997-ல் டிஎஸ்ஆரை 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' வாங்கியது. 1993-ல் 'மேஜிக்' சீட்டு விளையாட்டை வெளியிட்டுக் காசு பார்த்த நிறுவனம் அது.

14/
வாங்குவதற்கு முன் கணக்கு வழக்கைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர் ரயன் டான்சி. அங்கே கண்டதைப் பின்னர் எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: இந்த நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்றே தெரியாது. கருத்துக் கேட்டதில்லை, கணக்கெடுத்ததில்லை. எவ்வளவு விற்றது என்று தெரியும், யார் ஏன் வாங்கினார், யார் ஏன் நிறுத்தினார் என்று தெரியாது. கேஸ் ஷீட்டே இல்லாமல் 20 வருஷம் ஓடிய ஆஸ்பத்திரி மாதிரி.

15/
புது முதலாளிகள் அந்தத் தவறைத் திருத்த 1999-ல் பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். நல்ல விஷயம்தான். யாரிடம் கேட்டார்கள்? 12 வயது முதல் 35 வயது வரை.

இப்போ அந்த 35 ஞாபகம் வருதா? முதல் பெட்டியை வெளியிட்டபோது கைகாக்ஸின் வயது. 1978-ல் கல்லூரி விடுதியில் ஆடிய 20 வயது இளைஞர் 1999-ல் 41. அவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். பதிவேட்டில் பேரே இல்லாதவரை விடுபட்டவர் என்றுகூட யாரும் எழுத முடியாது.

16/
ஆனாலும் 2000 ஆகஸ்டில் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டு நல்ல காரியங்கள் செய்தது.

ஒன்று: பழைய பதிப்பில் ஆடிய உங்கள் பாத்திரத்தைப் புதிய பதிப்புக்கு எப்படி மாற்றுவது என்று ஒரு சிறு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்போமே, அது மாதிரி. "நீங்க இதுவரை ஆடினது வீண் இல்லை, அங்கிருந்தே தொடரலாம்" என்று அதற்கு அர்த்தம். பத்து வருஷமாக ஒரு வீரனை வளர்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

17/
இரண்டு: 'ஓபன் கேம் லைசென்ஸ்', சுருக்கமாக ஓஜிஎல். விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து, தங்கள் சொந்தப் புத்தகத்தை எழுதி விற்கலாம் என்ற உரிமம். பெரிய கம்பெனி பார்க்காத மூலைகளைச் சின்னச் சின்னப் பதிப்பகங்கள் பார்க்க வழி கிடைத்தது.

18/
அவர்கள் முதலில் பார்த்த மூலை எது தெரியுமா? விட்டுப்போன பழைய ஆட்டக்காரர்கள்!

2000-ல் தொடங்கிய நெக்ரோமான்சர் கேம்ஸ், 'விதி மூன்றாம் பதிப்பு, உணர்வு முதல் பதிப்பு' என்ற பொருளில் ஒரு வாசகத்தையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. 2003 முதல் குட்மன் கேம்ஸ் பழைய பாணி அட்டையோடு 'டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்' சாகசங்களை வெளியிட்டது. 2006-ல் 'ஓஸ்ரிக்' என்ற பெயரில் முதல் பதிப்பின் விதிகளையே ரசிகர்கள் ஓஜிஎல் துணையோடு திரும்பக் கட்டி எழுப்பினார்கள். பின்னாளில் 'பழைய பாணி மறுமலர்ச்சி' என்று ஒரு இயக்கமாகவே இது வளர்ந்தது.

19/
2008 ஜூனில் நான்காம் பதிப்பு. ஆட்டத்தின் கட்டமைப்பே புதுசு. அதை ரசித்தவர்களும் நிறையப் பேர், மோசமான விளையாட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தடவை டிஸ்சார்ஜ் சம்மரி கிடையாது. மாற்றும் கையேடு வரவில்லை. பழைய பாத்திரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். வெளிப் பதிப்பகங்களுக்கான உரிமமும் இறுகியது.

20/
அடுத்து 2009 ஏப்ரல். திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டி, இணையத்தில் விற்றுவந்த எல்லா பிடிஎஃப் புத்தகங்களையும் விசர்ட்ஸ் நிறுத்தியது. பழைய பதிப்புகளின் புத்தகங்களும் அதோடு போயின. பதினைந்து வருஷம் கழித்து ஒருவருக்கு ஆசை வந்து, "காசு தர்றேன், என் பழைய புத்தகத்தை ஒரு பிரதி கொடுங்க" என்று கேட்டால், விற்க நிறுவனத்திடம் எதுவும் இல்லை. திருட்டுப் பிரதிக்குப் பயந்து எடுத்த முடிவு, காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் திருட்டுப் பிரதியைத்தான் மிச்சம் வைத்தது.

21/
கதவு ஒருபக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறக்கும். பைசோ என்ற நிறுவனம் டி அண்ட் டியின் 'டிராகன்', 'டன்ஜன்' பத்திரிகைகளை உரிமம் வாங்கி நடத்திவந்தது. 2007-ல் அந்த உரிமம் முடிந்துபோனது. கையில் வாசகர்கள் உண்டு, பத்திரிகை இல்லை. அவர்கள் ஓஜிஎல்லைப் பயன்படுத்தி, மூன்றாம் பதிப்பின் விதிகளைச் சீர்செய்து, பொதுமக்களிடமே ஆடவிட்டுக் கருத்துக் கேட்டு, 2009 ஆகஸ்டில் 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள்.

அவர்கள் சொன்னது ரொம்ப எளிமை: உங்க அலமாரியில இருக்கிற புத்தகம் இன்னும் செல்லும். 2011 வாக்கில் ஹாபி கடைகளின் விற்பனைப் பட்டியலில் டி அண்ட் டியையே பின்னுக்குத் தள்ளியது பாத்ஃபைண்டர்.

22/
விசர்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. 2010 செப்டம்பரில் ஒரு புதிய ஆரம்பநிலைப் பெட்டி வந்தது. பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். அதே சிவப்பு, அதே பழைய எழுத்துரு, அதே எல்மோர் டிராகன். 1983 பெட்டியே திரும்பி வந்த மாதிரி. விட்டுப்போனவர்களைக் கூப்பிடணும் என்று நிறுவனம் முடிவு செய்துவிட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது.

திறந்து பார்த்தால் உள்ளே நான்காம் பதிப்பு.

23/
ஊரில் இருபது வருஷம் வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயர்ப் பலகையை அப்படியே மாட்டிவிட்டு, உள்ளே வேறொரு டாக்டர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? உள்ளே இருப்பவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் வந்தவர் தேடி வந்தது இவரை இல்லையே.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமான இடம் இதுதான். நிறுவனம் பழைய வாடிக்கையாளரின் ஏக்கத்தைப் பார்த்தது. அவர் அலமாரியைப் பார்க்கவில்லை. அவருக்கு அட்டைப்படம் பிடிக்கும், சரி. அவருக்குத் தேவைப்பட்டதோ தெரிந்த விதிகள், தெரிந்த வேகம், தன் பழைய சாகசப் புத்தகத்தை எடுத்து மகனுக்கு நடத்திக் காட்ட ஒரு வழி.

24/
2012 ஜனவரியில் விசர்ட்ஸ் நான்காம் பதிப்புக்கு மாற்று தேடுவதாக வெளிப்படையாக அறிவித்தது. இந்த முறை முதலில் கேட்டார்கள். வயது வரம்பு வைத்து அல்ல. எந்தப் பதிப்பை ஆடியவராக இருந்தாலும் சரி, வரைவு விதிகளை இலவசமாக எடுத்து ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டு வருஷத்தில் 1,75,000-க்கும் அதிகமானவர்கள் அந்தச் சோதனையில் சேர்ந்தார்கள்.

25/
கூடவே இரண்டு விஷயங்கள் நடந்தன. 2012 ஜூலையில் முதல் பதிப்பின் மூன்று மூலப் புத்தகங்களை அப்படியே மறு அச்சடித்தார்கள். வருமானத்தில் ஒரு பகுதி, 2008-ல் மறைந்த கைகாக்ஸின் நினைவு நிதிக்கு. 2013 ஜனவரியில் பழைய புத்தகங்களின் பிடிஎஃப் விற்பனை திரும்பத் தொடங்கியது. நான்கு வருஷமாக மூடியிருந்த கதவு திறந்தது. புதுப் பதிப்பு கடைக்கு வருவதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலேயே இது நடந்தது என்பதைக் கவனிங்க. முதலில் பழையதைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகுதான் புதியதை நீட்டினார்கள்.

26/
2014-ல் ஐந்தாம் பதிப்பு. அடிப்படை விதிகள் இலவசம். விதிகள் முன்பைவிட எளிமை, ஆட்டத்தின் வேகம் பழைய ஆட்களுக்குப் பரிச்சயமான வேகம். பழைய சாகசங்களை மாற்றிக்கொள்ளும் குறிப்புகள் திரும்ப வந்தன. 2017-ல் ஏழு பழைய புகழ்பெற்ற சாகசங்களைப் புதிய விதிக்கு மாற்றி ஒரே புத்தகமாகப் போட்டார்கள். அதில் ஒன்று 1978-ல் வந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. இந்தத் தடவை பெயர்ப் பலகையில் யார் பெயரோ, உள்ளேயும் அவரே இருந்தார்.

27/
அடுத்து வந்த வெற்றி எல்லோருக்கும் தெரியும். 2015-ல் 'கிரிட்டிகல் ரோல்' என்ற குழு தாங்கள் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கியது. 2016-ல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ். இந்த வெற்றிக்கு விட்டுப்போனவர்கள்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. இணையம், தொடர், எளிய விதி எல்லாமே காரணம்.

ஆனால் ஒன்று. தொடரைப் பார்த்துவிட்டு 12 வயதுப் பிள்ளை "எனக்கும் ஆடணும்" என்றால் யார் நடத்துவது? புத்தகத்தைப் படித்துத் தானே கற்றுக்கொள்வது கஷ்டம். வீட்டில் அப்பாவோ மாமாவோ சித்தியோ முன்பு ஆடியவராக இருந்து, திரும்பவும் ஆர்வம் வந்திருந்தால், அன்றைக்கு ராத்திரியே மேசை தயார்.

28/
தொடர்பை அறுக்காமலே இருந்தவர்களும் உண்டு. கேயோசியம் நிறுவனத்தின் 'கால் ஆஃப் கதுலு' 1981-ல் வந்தது. இன்று ஏழாம் பதிப்பு. பழைய சாகசத்தை இன்றும் ஆடலாம். பாத்திரத்தின் அடிப்படைத் திறன் எண்களை 5-ஆல் பெருக்கினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. 1983-ல் வாங்கிய புத்தகம் இன்னும் செல்லாக்காசு ஆகவில்லை.

அதே நிறுவனத்தின் இன்னொரு விளையாட்டு 'ரூன்குவெஸ்ட்', பிறந்தது 1978-ல். பல கை மாறித் திரும்பி வந்தபோது என்ன செய்தார்கள்? 2015-ல் மக்களிடமே நிதி திரட்டிப் பழைய இரண்டாம் பதிப்பை மறு அச்சிட்டார்கள். 2018-ல் புதிய பதிப்பைக் கொண்டுவந்தபோது அந்தப் பழைய விதியையே அடித்தளமாக வைத்துக் கட்டினார்கள்.

29/
பாடம் முடிந்ததுன்னு நினைச்சா, 2023 ஜனவரி வந்தது. ஓஜிஎல் உரிமத்தை இறுக்கும் ஒரு வரைவு வெளியே கசிந்தது. இருபது வருஷமாக அதை நம்பித் தொழில் செய்த சின்னப் பதிப்பகங்கள் பதறின. ஆட்டக்காரர்கள் இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். பாத்ஃபைண்டரின் மூலப் புத்தகத்தில் எட்டு மாதத்துக்கு வரும் என்று எண்ணிய கையிருப்பு இரண்டே வாரத்தில் தீர்ந்தது என்று பைசோ அறிவித்தது.

ஜனவரி 27-ல் விசர்ட்ஸ் பின்வாங்கியது. அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், திரும்ப வாங்க முடியாதபடி பொதுவில் வைத்தது. முன்பெல்லாம் ஆட்கள் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் விலகினார்கள். இப்போது ஒரே மாதத்தில், சொல்லிவிட்டு விலகினார்கள்.

30/
2024-ல் திருத்திய புத்தகங்கள் வந்தபோது, ஐந்தாம் பதிப்போடு சேர்த்து ஆடலாம், பழைய சாகசங்கள் செல்லும் என்பதையே நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்னது. 2008-ல் சொல்லாமல் விட்ட வாக்கியம் அது.

31/
இப்போ நியாயமான ஒரு எதிர்க்கேள்வி. "பழைய ஆளுங்க பின்னாலேயே போனா புதுசா யார் வருவாங்க? அவங்ககிட்டதான் எல்லா புத்தகமும் இருக்கே, எதை வாங்கப் போறாங்க?"

பாதி உண்மை. விட்டுப்போனவர் எல்லோரும் திரும்பமாட்டார்கள். சிலருக்கு இருப்பதே போதும். ஏற்கனவே தீவிரமாக இருப்பவர்களுக்கு மட்டுமே சமைத்துச் சமைத்து 1990-களில் டிஎஸ்ஆர் என்ன ஆனது என்றும் பார்த்தோம்.

32/
ஆனால் செலவுக் கணக்கைப் பாருங்க. புது ஆளைக் கொண்டுவர விளம்பரம் வேண்டும், விளக்கம் வேண்டும், "இது என்ன விளையாட்டு?" என்பதில் இருந்து தொடங்க வேண்டும். விட்டுப்போனவருக்கு அதெல்லாம் தேவையில்லை. அவருக்கு வேண்டிய பழைய புத்தகம் ஏற்கனவே எழுதி முடித்தது, பிடிஎஃப் ஆக விற்கக் கிடங்குகூட வேண்டாம். முக்கியமாக, அவர் திரும்பினால் தனியாக வருவதில்லை. கதை நடத்தத் தெரிந்த ஒருவர் திரும்பினால் கூடவே நாலு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் புதியவர்களாக இருப்பார்கள்.

33/
பதிப்பகம் நடத்தும் யாராவது இதைப் படித்தால், இந்த 50 வருஷத்தில் இருந்து எடுக்கக்கூடிய மருந்துச் சீட்டு சின்னதுதான்.

பழைய புத்தகத்தை எப்போதும் வாங்கும்படி வையுங்கள்.
புதுப் பதிப்பு வந்தால் மாற்றும் கையேட்டைக் கூடவே கொடுங்கள்.
புதியதைப் புகழப் பழையதைக் கேலி செய்யாதீர்கள். அதை ஆடியவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
இரண்டு மணி நேரத்தில் முடியும் சாகசங்களை எழுதுங்கள். அவருக்கு இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள்.
அட்டையை மட்டும் பழையதாக்கி ஏமாற்றாதீர்கள்.
எல்லாவற்றுக்கும் முன்னால், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலை எழுதி வையுங்கள்.

34/
கடைசியாக, ஒரு டாக்டராக ஒன்று. 2023 மே மாதம் அமெரிக்காவின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, தனிமையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று சொல்லி ஒரு அறிவுரை அறிக்கை வெளியிட்டார். நாற்பது வயதுக்கு மேல், வேலையும் வீடும் தவிர, வாரம் ஒருமுறை நண்பர்களை நேரில் பார்க்க ஒரு காரணம் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்த விளையாட்டு அப்படி ஒரு காரணம். "வியாழக்கிழமை ஏழு மணி, குகைக்குள்ளே பாதியில நிக்கறோம், வந்துடு" என்று ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட முடிகிறது. ஒரு பதிப்பு மாற்றத்தால் ஒரு மேசை கலைந்தால், போவது ஐந்து புத்தகத்தின் விற்பனை மட்டும் இல்லை. அந்த வியாழக்கிழமையும் போகிறது. திரும்ப அவர்களை உட்கார வைப்பது வியாபாரத்துக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. இரண்டும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அது நடக்கும் தொழில்களில் இது ஒன்று.

35/
உங்களில் யாராவது முன்பு இதை ஆடி விட்டுவிட்டவராக இருந்தால், பரணில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கா என்று பாருங்கள். இருந்தால் விதி எதுவும் காலாவதி ஆகவில்லை. ஆட்டத்தை நடத்தியவர் நம்பர் போனில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடுங்க.

அடுத்த வாரம் வழக்கம்போல சர்க்கரை.